200வது டர்னில் உங்கள் கம்ப்யூட்டர் தாங்குமா? ஸ்ட்ராடஜி கேம் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

புது ஸ்ட்ராடஜி கேம் ஒன்று வந்ததும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "என் கிராஃபிக்ஸ் கார்டு போதுமா?" சுடுகிற கேம், கார் ரேஸ் என்றால் அது சரியான கேள்வி. ஸ்ட்ராடஜியில் அது பாதிக் கேள்விதான். முதல் ஐம்பது டர்ன் (நீங்களும் எதிரிகளும் ஆளுக்கொரு தடவை ஆடி முடிப்பது ஒரு டர்ன்) எந்த ஓட்டை லேப்டாப்பிலும் ஓரளவு ஓடிவிடும். ஊர் ஒன்று, படை இரண்டு, அவ்வளவுதானே. அப்புறம் வரைபடம் முழுக்கத் திறந்து, எட்டு எதிரிகள், ஆளுக்குப் பத்து நகரம், திரும்பிய பக்கமெல்லாம் படை என்று ஆகும்போது, அடுத்த டர்ன் பட்டனை அழுத்திவிட்டு எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வரலாம் என்கிற நிலை வரும். அந்த இடத்தில் திணறுவது பெரும்பாலும் பிராசசர். அதனால் கம்ப்யூட்டர் தாங்குமா என்று பார்க்கும்போது ஆட்டத்தின் கடைசிப் பகுதியை மனதில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். கேமை விற்கிற பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

உதாரணத்துக்கு சிவிலைசேஷன் 7 எடுத்துக்கொள்வோம். ஃபிராக்சிஸ் செய்தது, 2025 பிப்ரவரியில் வெளியானது. அதில் எக்ஸ்ப்ளோரேஷன் காலத்தில் சோழர்களாகவும் ஆடலாம், அதற்காகவே வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் இதைப் படிப்பவர்களில் இருந்தாலும் ஆச்சரியமில்லை. மினிமம் என்று அவர்கள் போட்டிருப்பது: இன்டெல் கோர் ஐ3 10100 அல்லது ஏஎம்டி ரைசன் 3 1200, 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1050 அல்லது ஆர்எக்ஸ் 460 அல்லது இன்டெல் ஆர்க் ஏ380, டைரக்ட்எக்ஸ் 12, டிஸ்க்கில் 20 ஜிபி இடம். ரெக்கமண்டட் என்று போட்டிருப்பது: ஐ5 10400 அல்லது ரைசன் 5 3600எக்ஸ், 16 ஜிபி ராம், ஆர்டிஎக்ஸ் 2060 அல்லது ஆர்எக்ஸ் 6600.

இந்தப் பட்டியலை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். ரைசன் 3 1200 என்பது 2017ல் வந்தது, நான்கு கோர் (சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்), நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் கையாளக்கூடிய வேலைகள்). ஐ3 10100 அதற்கு மூன்று வருஷம் பின்னால் வந்தது, நான்கு கோர், எட்டு த்ரெட், ஒரு கோரின் வேகத்திலும் தெளிவாக முன்னால் நிற்பது. இரண்டையும் ஒரே வரியில் "அல்லது" போட்டு எழுதியிருக்கிறார்கள். மினிமம் என்பதற்குப் பொருள் 1080பி திரையில், லோ செட்டிங்கில், நொடிக்கு 30 ஃபிரேம் கிடைத்தால் போதும் என்பதுதான். கடைசிக் கட்டத்தில் ஒரு டர்ன் எத்தனை நொடி எடுக்கும் என்று மினிமத்திலும் இல்லை, ரெக்கமண்டடிலும் இல்லை. என் கணக்கு இது: ஸ்ட்ராடஜி கேமில் கிராஃபிக்ஸ் கார்டுக்கு மினிமம் வரியைப் பாருங்கள், பிராசசருக்கும் ராமுக்கும் ரெக்கமண்டட் வரியைப் பாருங்கள். கார்டு கொஞ்சம் குறைந்தால் நிழலையும் தண்ணீர் எஃபெக்டையும் குறைத்துச் சமாளிக்கலாம். பிராசசர் குறைந்தால் குறைப்பதற்கு அதிகம் ஒன்றும் இல்லை.

சரி, உங்களிடம் இருப்பது என்ன? கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும், அதில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பகுதிக்குப் போங்கள். சிபியு, மெமரி, டிஸ்க், ஜிபியு என்று இடது பக்கம் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றையும் தொட்டால் வலது மேல் மூலையில் அதன் பெயர் வரும். ஒரு பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள், அல்லது போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கென்று தனி சாஃப்ட்வேர் எதுவும் இறக்க வேண்டாம். "உங்கள் கம்ப்யூட்டரில் ஓடுமா" என்று பச்சை டிக் போட்டுக் காட்டுகிற தளங்கள் இருக்கின்றன, அவை ஒப்பிடுவதும் இதே பட்டியலைத்தான், கூடுதலாக ஒன்றும் இல்லை.

பிராசசர் பெயரைப் படிப்பதில்தான் ரொம்பப் பேர் ஏமாறுகிறார்கள். "மினிமம் ஐ3 கேட்கிறான், என்னிடம் ஐ5 இருக்கிறது, போதும்" என்று முடிவு செய்துவிடாதீர்கள். 2011ல் வந்த ஐ5 2400ம் ஐ5தான், ஆனால் ஐ3 10100 அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஐ3, ஐ5, ஐ7 என்பது அந்தந்தத் தலைமுறைக்குள் இருக்கும் படிநிலை. அதற்குப் பின்னால் வரும் எண்ணில்தான் தலைமுறை இருக்கிறது: 2400 என்றால் இரண்டாம் தலைமுறை, 10100 என்றால் பத்தாவது. கடைசியில் வரும் எழுத்தையும் விடாதீர்கள். லேப்டாப்பில் யு என்று முடிந்தால் பேட்டரிக்காகக் கரண்ட்டைச் சிக்கனமாக எடுக்கிற சிப், எச் என்று முடிந்தால் வேகத்துக்காகச் செய்தது. ஐ5 10210யு என்ற லேப்டாப் சிப் 15 வாட்டில் ஓடுகிறது, டெஸ்க்டாப் ஐ3 10100 65 வாட்டில் ஓடுகிறது. காகிதத்தில் இரண்டும் நான்கு கோர், எட்டு த்ரெட்தான், அரை மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

கோர் எண்ணிக்கையைவிட இந்த வகை கேமுக்கு முக்கியமானது ஒரு கோரின் வேகம். எதிரி நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக யோசிக்க வேண்டும். இவன் படையை நகர்த்தின பிறகுதான் அவன் எங்கே நகர்த்தலாம் என்று கணக்குப் போட முடியும். அந்த வேலையைப் பன்னிரண்டு கோருக்குச் சமமாகப் பங்கு போட்டுக்கொடுக்க முடியாது. பிராசசர்களின் வேகத்தை அளந்து மதிப்பெண் போடுகிற பாஸ்மார்க் தளத்தில் பிராசசர் பெயரைத் தேடினால் மொத்த மதிப்பெண்ணுக்குக் கீழே சிங்கிள் த்ரெட் என்று தனியாக ஓர் எண் இருக்கும், அதை மினிமம், ரெக்கமண்டட் பிராசசர்களின் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஏஎம்டியில் எக்ஸ்3டி என்று முடிகிற பிராசசர்கள் ஸ்ட்ராடஜிக்காரர்களிடம் பெயர் வாங்கியதற்குக் காரணம் வேறு: 2022ல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டியில் 96 எம்பி எல்3 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) இருக்கிறது, அதன் சாதாரண அண்ணன் 5800எக்ஸில் 32 எம்பிதான். ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன விவரங்களைத் திரும்பத் திரும்பத் தொடுகிற கேமுக்கு, ராம் வரைக்கும் போய்வராமல் சிப்புக்குள்ளேயே கிடைப்பது பெரிய லாபம்.

கிராஃபிக்ஸ் கார்டிலும் பெயர்க் குழப்பம் உண்டு. முதலில் பார்க்க வேண்டியது வேகம்கூட இல்லை, கேம் திறக்குமா என்பதுதான். விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி, வருகிற பெட்டியில் டிஎக்ஸ்டிஐஏஜி என்ற ஆறு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அடித்து எண்டர் தட்டுங்கள். முதல் பக்கத்தில் டைரக்ட்எக்ஸ் 12 என்று போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்படாதீர்கள், அது விண்டோஸில் இருக்கும் டைரக்ட்எக்ஸ். உங்கள் கார்டு எதுவரை போகும் என்பது டிஸ்ப்ளே என்ற பக்கத்தில் ஃபீச்சர் லெவல்ஸ் என்ற வரியில் இருக்கிறது. அங்கே 12_0 அல்லது 12_1 இருந்தால் கவலை இல்லை. 11_0 உடன் நின்றுவிட்டால் யோசிக்க வேண்டும். அசெம்பிள் செய்துகொடுக்கிறவர்கள் "2 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருக்கிறேன் சார்" என்று சொல்லி மாட்டிவிடுகிற ஜிடி 710 அந்த ரகம்தான். அது படம் காட்டும், கேமுக்கு ஆகாது.

தனிக் கார்டு இல்லாத லேப்டாப்பா? இன்டெல் யுஎச்டி 620 மாதிரி என்றால் சிவ் 7ஐ மறந்துவிடலாம். ஐரிஸ் எக்ஸ்இ எல்லைக்கோட்டில் நிற்கிறது, ஜிடிஎக்ஸ் 1050ஐவிடக் கீழேதான். ஏஎம்டியின் ரேடியான் 680எம், 780எம் என்றால் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். இன்னொரு அளவுகோலும் இருக்கிறது: வால்வின் கைக்கணினி ஸ்டீம் டெக்கில் இந்தக் கேமுக்கு வெரிஃபைடு முத்திரை, அதாவது அதில் நன்றாக ஓடும் என்ற சான்று, கிடைத்திருக்கிறது, அதில் இருப்பது நான்கு கோர் பிராசசரும் அதே சிப்புக்குள் இருக்கும் சின்ன உள்கட்ட கிராஃபிக்ஸும். ஆனால் அதன் திரை 1280க்கு 800தான் என்பதை மறக்காதீர்கள். உங்கள் லேப்டாப்பிலும் ரெசல்யூஷனை அந்த அளவுக்கு இறக்கினால் தப்பிக்க வாய்ப்பு இருக்கிறது.

ராம் விஷயத்துக்கு வருகிறேன், இங்கேதான் செலவு குறைவாகவும் பலன் அதிகமாகவும் இருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் மெமரியைத் தொட்டு, எதுவும் திறக்காமல் இருக்கும்போதே எவ்வளவு போகிறது என்று பாருங்கள். 8 ஜிபி மெஷினில் விண்டோஸும் பின்னால் ஓடுகிற சில்லறை விஷயங்களும் சேர்ந்து 3, 4 ஜிபி எடுத்திருக்கும். உள்கட்ட கிராஃபிக்ஸ் என்றால் அதுவும் இதே ராமில் பங்கு கேட்கும். குரோமில் பத்து டேப் திறந்திருந்தால் சொல்லவே வேண்டாம். ஆரம்பத்தில் எல்லாம் சரியாக ஓடும், ஆட்டம் பெரிதானதும் ராம் நிரம்பி, டிஸ்க்கில் எழுதிப் படிக்க ஆரம்பித்து, மவுஸ்கூட நகராமல் நிற்கும். 16 ஜிபி இல்லாமல் இந்த வகை புது கேம் எதையும் வாங்கச் சொல்ல மாட்டேன்.

அதே பக்கத்தில் கீழே ஸ்லாட்ஸ் யூஸ்ட் என்று ஒரு வரி இருக்கும். 2ல் 1 என்று இருந்தால் நல்ல செய்தி, இன்னொரு ராம் போட இடம் இருக்கிறது. ஒரே அளவில் இரண்டு ராம் போட்டால் டூயல் சேனலில், அதாவது இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்து, ஓடும், உள்கட்ட கிராஃபிக்ஸுக்கு அது பெரிய வித்தியாசம். ஐரிஸ் எக்ஸ்இ உள்ள லேப்டாப்பில் ஒற்றை ராம் மட்டும் இருந்தால், பல மாடல்களில் டாஸ்க் மேனேஜர் அதை ஐரிஸ் என்றே காட்டாது, வெறும் யுஎச்டி கிராஃபிக்ஸ் என்று காட்டும். இரண்டாவது ராம் போட்ட பிறகுதான் ஐரிஸ் என்று வரும். வாங்கும் முன் டிடிஆர்4ஆ, டிடிஆர்5ஆ என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஒன்று மற்றொன்றின் ஸ்லாட்டில் ஏறாது. மெல்லிய லேப்டாப்புகளில் ராமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், அங்கே ஒன்றும் செய்ய முடியாது.

டிஸ்க்கைப் பற்றி இரண்டே வரி. எஸ்எஸ்டி இருந்தால் நல்லது, ஹார்ட் டிஸ்க் என்றால் லோடிங்கும் ஒவ்வொரு ஆட்டோசேவும் பொறுமையைச் சோதிக்கும். டர்ன் வேகத்துக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

லேப்டாப்காரர்களுக்கு இன்னும் கொஞ்சம். சார்ஜர் போடாமல் சோதித்துவிட்டுக் கம்ப்யூட்டர் சரியில்லை என்று முடிவுக்கு வராதீர்கள், பேட்டரியில் பெரும்பாலான லேப்டாப் தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும். உள்கட்ட கிராஃபிக்ஸ், தனிக் கார்டு இரண்டும் இருந்தால், செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்று போய் அந்தக் கேமுக்கு ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று தேர்ந்தெடுங்கள். சில சமயம் விண்டோஸ் சின்னதையே எடுத்துக்கொள்ளும். சூடும் ஒரு விஷயம். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் மெத்தைமேல் லேப்டாப்பை வைத்து ஆடினால், பத்து நிமிஷத்தில் சூடேறி பிராசசர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் ஸ்பீடு என்று ஜிகாஹெர்ட்ஸில் ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கும், ஆட ஆரம்பிக்கும்போது ஒரு தடவை, முக்கால் மணி நேரம் கழித்து ஒரு தடவை பாருங்கள். நன்றாக இறங்கியிருந்தால் முதலில் ஃபேனைத் தூசி தட்டுங்கள். டெஸ்க்டாப் என்றால் மானிட்டர் கேபிளை எங்கே சொருகியிருக்கிறீர்கள் என்று ஒரு தடவை எட்டிப் பாருங்கள். மதர்போர்டில் சொருகிவிட்டு, வாங்கின கார்டை மறந்துவிட்டவர்கள் ஒருவர் இருவர் இல்லை.

எண்களைப் பார்த்தாயிற்று, இனி சோதனை. சிவ் 6 உங்களிடம் இருக்கிறதா? 2020 மே மாதத்தில் எபிக் ஸ்டோரில் இலவசமாகக் கொடுத்தார்கள், அப்போது எடுத்துவைத்துவிட்டு மறந்திருக்கலாம், லைப்ரரியில் தேடிப் பாருங்கள். அதற்குள்ளேயே பெஞ்ச்மார்க், அதாவது வேகத்தை அளக்கும் சோதனை, இருக்கிறது, இரண்டு வகை: ஒன்று கிராஃபிக்ஸுக்கு, இன்னொன்று ஏஐக்கு, அதாவது கம்ப்யூட்டர் ஆடும் எதிரிகளுக்கு. ஏஐ பெஞ்ச்மார்க் ஒரு பெரிய ஆட்டத்தைத் திறந்து, டர்ன்களை ஓட்டி, சராசரியாக ஒரு டர்னுக்கு எத்தனை நொடி என்று காட்டும். நமக்கு வேண்டிய எண் அதுதான். அங்கேயே பொறுக்க முடியாத அளவுக்கு இழுத்தால், எட்டு வருஷத்துக்கு மேல் கழித்து வந்த அடுத்த கேமில் மட்டும் பறக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இல்லையென்றால் வாங்கியே சோதிக்கலாம். வால்வின் ஆன்லைன் கேம் கடையான ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், மொத்தம் 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஆனால் ஸ்ட்ராடஜியில் இந்த 2 மணி நேரம் ஒரு பொறி. டுடோரியல் பார்த்து, அறிமுக வீடியோ ரசித்து, முதல் நகரத்தை ஆசையாகக் கட்டி முடிப்பதற்குள் நேரம் போய்விடும், கடைசிக் கட்டத்தின் பக்கமே போயிருக்க மாட்டீர்கள். ஆகவே அந்த நேரத்தை ஆடுவதற்கு என்று நினைக்காமல் சோதனைக்கு என்று ஒதுக்குங்கள். சிவ் 7ல் புது ஆட்டம் தொடங்கும்போது எந்தக் காலத்திலிருந்து தொடங்கலாம் என்று கேட்கும், நேராக மாடர்ன் காலத்தைத் தேர்ந்தெடுத்து, கிடைப்பதிலேயே பெரிய வரைபடத்தைப் போட்டு, எதிரிகளையும் முழு எண்ணிக்கையில் வைத்து, ஒரு முப்பது டர்ன் கண்ணை மூடிக்கொண்டு தட்டுங்கள். சோழர்கள் அடுத்த வாரம் வரைக்கும் காத்திருப்பார்கள். வேறு கேம் என்றால், யாராவது பகிர்ந்திருக்கும் கடைசிக்கட்ட சேவ் ஃபைல் ஒன்றை எடுத்துத் திறந்து பாருங்கள். எப்படியும் ஒன்றரை மணி நேரத்தில் முடிவு எடுத்துவிடுங்கள், கேம் திறந்து சும்மா கிடக்கிற நேரமும் கணக்கில் சேரும்.

சோதிக்கும்போது எது திணறுகிறது என்று கண்டுபிடிப்பது சுலபம். டாஸ்க் மேனேஜரை ஓரமாகத் திறந்துவையுங்கள். வரைபடத்தை வேகமாக நகர்த்தும்போது படம் தட்டுத்தடுமாறி, ஜிபியு 95, 99 சதவீதத்தில் நின்றால் கார்டு போதவில்லை. டர்ன் முடியக் காத்திருக்கும்போது ஜிபியு சும்மா இருந்து, சிபியு 25, 30 சதவீதம்தான் காட்டுகிறது என்றால், பிராசசர் ஓய்வாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். டாஸ்க் மேனேஜரின் சிபியு கிராஃபில் ரைட் கிளிக் செய்து லாஜிக்கல் பிராசசர்ஸ் என்று மாற்றுங்கள். ஒரு கட்டம் உச்சியில் முட்டிக்கொண்டும் மற்றவை சும்மாவும் இருந்தால் விஷயம் புரிந்துவிடும். விண்டோஸ் அந்த வேலையைக் கோருக்குக் கோர் மாற்றிக்கொண்டே இருந்தால் இது இவ்வளவு தெளிவாகத் தெரியாது, இருந்தாலும் ஜிபியு சும்மா இருக்கும்போது நீங்கள் காத்திருக்கிறீர்கள் என்றால் அது பிராசசருக்காகத்தான்.

கார்டு போதவில்லை என்றால் நிழல், ஆன்டி ஏலியாசிங் (ஓரங்களை வழுவழுப்பாகக் காட்டுவது), ரெசல்யூஷன் என்று வரிசையாகக் குறையுங்கள், ஃபிரேமை 30ல் பூட்டிவிடுங்கள். டர்ன் முறை கேமுக்கு 30 தாராளமாகப் போதும், 144 வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களோடு நான் வாதாடப் போவதில்லை. பிராசசர் போதவில்லை என்றால் கிராஃபிக்ஸ் செட்டிங்கைத் தொட்டுப் பயனில்லை. வரைபடத்தின் அளவையும் எதிரிகளின் எண்ணிக்கையையும் குறைக்க வேண்டும். பன்னிரண்டு நாடுகளுக்குப் பதில் ஆறு நாடுகளோடு ஆடினால் ஆட்டம் ஒன்றும் கெட்டுவிடாது, எனக்கு அதுதான் பிடிக்கவும் செய்கிறது. சிவ் 6 மாதிரி கேம்களில் குவிக் மூவ்மெண்ட், குவிக் காம்பாட் இருக்கின்றன, அவற்றை ஆன் செய்தால் ஒவ்வொரு படையும் நடந்துபோகிற அனிமேஷனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இதுவரை சொன்னது டர்ன் முறை கேமுக்கு. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் மாதிரி நேரடியாக ஓடுகிற கேம் என்றால் கணக்கு இன்னும் கறார், ஏனென்றால் அங்கே காத்திருப்பு என்பதே கிடையாது, திணறினால் ஆட்டமே திணறும். எட்டுப் பேர், ஆளுக்கு 200 ஆட்கள் என்றால் 1600 உயிர்கள் ஒரே நேரத்தில் வழி தேடி நடக்கின்றன. எல்லோருடைய கம்ப்யூட்டரும் அதே கணக்கை ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும், ஒருவருடையது பின்தங்கினால் மற்ற ஏழு பேருக்கும் இழுக்கும். 2019ல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷன் வந்தபோது, ரேங்க்டு, அதாவது தரவரிசைக்கான, ஆட்டத்துக்குள் போகும் முன் பெஞ்ச்மார்க்கில் 1000 எடுத்தாக வேண்டும் என்று வைத்தது இதனால்தான். அதே வரிசையில் 2021ல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 4ல் கிராஃபிக்ஸ் தேவை ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு, இன்டெல் எச்டி 520லேயே ஓடும் என்று மினிமத்தில் போட்டிருக்கிறார்கள். ஆனால் பிராசசரில் ஏவிஎக்ஸ் என்ற கட்டளைத் தொகுப்பு இருந்தாக வேண்டும். பென்டியம் கோல்டு ஜி5400 மாதிரி பட்ஜெட் சிப்களில் அது கிடையாது. எவ்வளவு நல்ல கார்டு போட்டிருந்தாலும் அங்கே வேலைக்கு ஆகாது. சிபியு-இசட் என்ற சின்ன இலவச புரோகிராமில் இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ் என்ற வரியில் ஏவிஎக்ஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

நகரம் கட்டுகிற கேம்களை இந்தக் கணக்கில் சேர்க்கவே பயமாக இருக்கிறது. 2023 அக்டோபரில் வந்த சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் 2க்கு ரெக்கமண்டட் கார்டே ஆர்டிஎக்ஸ் 3080. வேகத்தில் தாங்கள் நினைத்த இலக்கை எட்டவில்லை என்று வெளியாகும் முன்பே அதைச் செய்தவர்களே சொல்லிவிட்டார்கள். அப்படிப்பட்ட கேமை வெளிவந்த வாரத்தில் வாங்காதீர்கள். ஆறு மாதம் விட்டு, நான்கைந்து பேட்ச் வந்த பிறகு, உங்களுடையதே போன்ற கார்டில் ஒரு லட்சம் மக்கள் உள்ள நகரத்தை யாராவது ஓட்டிக்காட்டுகிற வீடியோவைத் தேடுங்கள். "ஆர்டிஎக்ஸ் 3050, 60 ஃபிரேம்" என்று தலைப்புப் போட்டு வெறும் வயலையும் இரண்டு தெருவையும் காட்டுகிற வீடியோக்களைத் தாண்டிப் போய்விடுங்கள். லேப்டாப் 3050ம் டெஸ்க்டாப் 3050ம் ஒன்றில்லை, அதையும் வீடியோவின் விவரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பில் பெரும்பாலும் 4 ஜிபி மெமரிதான் வருகிறது, டெஸ்க்டாப்பில் 6 அல்லது 8.